எத்தனை பேரிடம் சொல்ல வைப்பது? மனக்காயம்பட்ட பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் துணை நிற்க வருபவர்களுக்கு

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஆள் வரத்து ஓயாது. வருகிறவர்கள் அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் திரும்புவார்கள். "எப்படிப்பா ஆச்சு? நீயும் அப்பா கூடத்தான் வண்டில வந்தியாமே?" நான்குவழிச் சாலையில் லாரி மோதியதைப் பின்சீட்டிலிருந்து பார்த்த பதினைந்து வயதுப் பிள்ளை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பான். அடுத்த வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு மறுபடியும். கேட்டவர்களுக்குத் துக்கம் கொஞ்சம் இறங்கும். அவனுக்கு ஏறும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நடந்ததை அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் சொல்ல நேர்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைக் குறைப்பதுதான் உங்கள் முதல் வேலை. சொல்லவே கூடாது என்பதல்ல. சொல்வதற்கென்று ஓர் ஆளும் இடமும் நேரமும் உண்டு. அது பின்னால் வரும்.

பள்ளி ஆசிரியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், மகளிர் குழுவினர், இளைஞர் மன்றத்தினர், வீட்டிலேயே பொறுப்பை ஏற்றுக்கொண்ட அத்தை, மாமா, சித்தி ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. விபத்து, வீட்டுக்குள் அடி உதை, பாலியல் வன்முறை, சாதிச் சண்டை, பட்டாசு ஆலை வெடிவிபத்து, ஜல்லிக்கட்டில் கண்முன் குத்துப்பட்ட அண்ணன், நெருங்கியவரின் தற்கொலை என்று காரணம் எதுவானாலும் தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் நாள்

ரத்தக்காயம், மயக்கம், தலையில் அடி என்றால் பேச்சே வேண்டாம், 108. அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது ஆபத்து இன்னும் தொடர்கிறதா என்பது. அடித்தவர் அதே வீட்டில் இருக்கிறார் என்றால் ஆறுதல் சொல்லிப் பயனில்லை. பிள்ளை இரவு எங்கே படுக்கும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் மற்றது. குழந்தைகள் உதவி எண் 1098 இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பெண் பிள்ளையென்றால் பெண்கள் உதவி எண் 181-ஐயும் அழைக்கலாம்.

பாலியல் வன்முறை என்றால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும் முதல் 72 மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும். தடயங்களை 96 மணி நேரம்வரை எடுக்கலாம். அதனால் குளிக்க வைக்காதீர்கள். நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான்: "தலைக்கு ஊத்தி விடு, தீட்டுக் கழியட்டும்." அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் தடயமும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. உடையைத் துவைக்காமல் சுத்தமான காகிதப் பையில் போடுங்கள். பாலித்தீன் பையில் ஈரம் கோத்துக்கொண்டு தடயம் கெடும். ஏற்கெனவே குளித்துவிட்டாலும், நான்கு நாள் தாண்டிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வாருங்கள் என்று எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்ப முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் விதிகளின்படி அவசரச் சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் முன்நிபந்தனை அல்ல. அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாகப் பார்த்தாக வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ கூட இருக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரலை விட்டுப் பார்க்கும் "இரண்டு விரல் சோதனை" என்று எவராவது எடுத்தால் மறுத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்திருக்கிறது. பரிசோதனையே வேண்டாம் என்று பிள்ளை சொன்னாலும் சிகிச்சையை நிறுத்த முடியாது.

மதுரை நகரிலும் சுற்று வட்டாரத்திலும் இதற்கெல்லாம் வசதியுள்ள பெரிய இடம் அரசு இராசாசி மருத்துவமனை. யாரும் அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ பிடிப்பதில்லை. பெரியாஸ்பத்திரி என்றால் போதும்.

ஒன்றைச் சத்தியம் செய்யாதீர்கள்

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பத்தான் சொல்லுவேன்" என்று பிள்ளை கேட்கும். புதியவர்கள் உருகிப்போய்க் கையில் அடித்துவிடுவார்கள். செய்யாதீர்கள். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்கீழ் எல்லோருக்குமான கடமை. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டுவரை. சத்தியத்தை மீறியதாகப் பிள்ளை நினைத்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பெரியவரையும் அது நம்பாது. இப்படிச் சொல்லலாம்: "சொல்லாம இருக்கேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா உனக்குத் தெரியாம யார்கிட்டயும் போகமாட்டேன். யார்கிட்ட, எப்போ சொல்றோம்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." சொன்னபடியே செய்யுங்கள்.

பிள்ளை தானாகச் சொன்னால் குறுக்கே கேள்வி போடாமல் கேளுங்கள். "ஏன் கத்தல?", "ஏன் அப்பவே சொல்லல?" இரண்டையும் நாக்கிலிருந்து அழித்துவிடுங்கள். பயத்தில் உடல் உறைந்துபோவது தானாக நடப்பது, சம்மதமல்ல. கேட்டு முடித்ததும் பிள்ளை பயன்படுத்திய அதே வார்த்தைகளில், தேதியும் நேரமும் போட்டு, நாலைந்து வரி எழுதி வையுங்கள். நல்ல தமிழில் திருத்தி எழுத வேண்டாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். வழக்கு என்று வந்தால் மருத்துவரிடம் ஒரு முறை, காவல்துறையிடம் ஒரு முறை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு முறை, விசாரணை நீதிமன்றத்தில் ஒரு முறை என்று சட்டமே நான்கு முறை சொல்லச் சொல்கிறது. அதோடு தலைமையாசிரியர், வார்டு மெம்பர், பெரியப்பா, அக்கம்பக்கத்தார் என்று சேர்ந்தால் எங்கே போய் முடியும்? இந்த இரண்டாவது வரிசையை நீங்கள் தடுக்கலாம். பிள்ளையின் சார்பில் பேச ஒரே ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுங்கள். ஆளைப் பிள்ளையே சொல்லட்டும். கேட்க வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் கேட்க வேண்டும். துக்கவீடாக இருந்தால் வாசலில் ஒருவரை உட்காரவைத்து, "பிள்ளைகிட்ட எதுவும் கேட்காதீங்க, சாப்பிட்டியான்னு மட்டும் கேளுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

முதல் நான்கு வாரம்

பயங்கரமான ஒன்றைக் கடந்துவந்த பிள்ளைக்குத் தூக்கம் கெடுவதும், அதே காட்சி திரும்பத் திரும்ப வருவதும், சத்தத்துக்குத் துள்ளி விழுவதும் இயல்பு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை சில வாரங்களில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தணியவில்லை, படிப்பும் பழக்கமும் முடங்கிக் கிடக்கின்றன என்றால்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ஆகவே முதல் வாரமே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து "எல்லாத்தையும் கொட்டிடுங்க" என்று ஒருநாள் கவுன்சலிங் நடத்தாதீர்கள். விபத்து நடந்த பள்ளிகளில் நல்ல எண்ணத்தோடு இதைச் செய்கிறார்கள். அந்த ஒருமுறைக் கொட்டல் பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. அது சொல்லும் உளவியல் முதலுதவி மூன்றே சொல்: பார், கேள், இணை. என்ன தேவை என்று பாருங்கள், சொல்வதைக் கேளுங்கள், உதவி கிடைக்கிற இடத்தோடு இணைத்துவிடுங்கள்.

இந்த நான்கு வாரத்தில் சாப்பாடும் தூக்கமும்தான் மருந்து. முதல் சில நாள் சோறு இறங்காது. கஞ்சி, இட்லி, பருத்திப்பால் என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நேரம் தவறாமல் கொடுங்கள். ஒன்பதரை மணிக்குப் போனை வாங்கி வேறு அறையில் வையுங்கள். நடந்த விபத்தின் வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும், பிள்ளை ராத்திரியில்தான் அதைத் திறந்து பார்க்கும். அம்மா பக்கத்தில் படுக்க வேண்டுமென்று பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால் கேலி செய்யாதீர்கள். விளக்கு எரியட்டும். கெட்ட கனவில் அலறினால் உலுக்கி எழுப்பாமல், தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இது நம்ம வீடு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் அத்தை பேசுறேன்" என்று இடமும் நாளும் ஆளும் சொல்லுங்கள். கண் தெளிந்த பிறகு தண்ணீர்.

பதற்றம் ஏறும்போது கைக்கொடுக்கும் இரண்டு பயிற்சிகளைச் சொல்லித்தாருங்கள். ஒன்று மூச்சு: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், காலையும் மாலையும். அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். பதற்றம் வந்த பிறகு புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் "மூச்சு முட்டுது" என்று இன்னும் பயந்துவிடும். பெரும்பாலான இடங்களில் இது தோற்பது இப்படித்தான். மற்றது புலன்களைப் பிடித்து நிகழ்காலத்துக்கு வருவது: கண்ணில் படுகிற ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, காதில் விழுகிற மூன்று சத்தம், இரண்டு வாசனை, வாயில் ஒரு சுவை. வாசனைக்கு மல்லிகைப்பூவைக் கையில் கொடுக்க நமக்குத் தோன்றும். நடந்த இடத்தில் மல்லிகை வாசம் இருந்திருந்தால் அதுவே பிள்ளையைத் திரும்ப அங்கே கொண்டுபோய்விடும். எந்த வாசனை பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள். தலையைத் தடவுவதானாலும் கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பெண் பிள்ளை அழுதால் மனம் நொந்திருக்கிறது என்கிறோம். பையன் அழுவதில்லை; சண்டை போடுகிறான், பைக்கை எண்பதில் விரட்டுகிறான், குடிக்கப் பழகுகிறான். "ரவுடியாயிட்டான்" என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. அப்பா இறந்த பதினாறாம் நாள் தாய்மாமன் உருமால் கட்டிவிட, சுற்றி நிற்பவர்கள் "இனி நீதாண்டா குடும்பத்துக்கு" என்பார்கள். சடங்கு நடக்கட்டும். ஆனால் அன்று ராத்திரியே அந்த மாமன் அவனைத் தனியே அழைத்து, "பெரியவங்க நாங்க இருக்கோம், நீ பள்ளிக்கூடம் போனா போதும்" என்று சொல்லிவிட்டால் பெரிய பாரம் இறங்கும். சொல்வதற்கு அவர் மறந்துவிடுவார், நீங்கள் நினைவூட்டுங்கள்.

பயந்த கோளாறும் பேயும்

மனநல மருத்துவரிடம் வரும் முன்பே பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு மூன்று இடம் போய்விட்டுத்தான் வரும். விபூதி போடுவது, வேப்பிலை அடிப்பது, தர்காவில் ஓதி ஊதிக்கொள்வது, பாண்டிகோவிலுக்குக் கூட்டிப்போவது. இதை எதிர்த்துப் பேசினால் குடும்பம் உங்களை விட்டுவிட்டுப் போகும். பயந்த கோளாறு என்ற சொல்லிலேயே பாதி உண்மை இருக்கிறது: பிள்ளை பயந்துதான் போயிருக்கிறது. அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம். கயிறு கட்டிக்கொள்ளட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும். நான்கு காரியங்களுக்கு மட்டும் இடமில்லை: அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, கோயிலில் தங்கவைத்துச் சிகிச்சையை நிறுத்துவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை இந்த வட்டாரத்தில் எவரும் மறக்கவில்லை. சங்கிலி என்ற பேச்சு வந்தால் அதை எடுத்துச் சொல்லலாம்.

பிள்ளை திடீரென்று விழுந்து கை கால் உதறுவதும், குரல் மாறிப் பேசுவதும், கண் திறந்தபடியே எங்கோ போய்விடுவதும் உண்டு. தாங்க முடியாததிலிருந்து மனம் தன்னைத் துண்டித்துக்கொள்ளும் விதம் அது. நடிப்பல்ல. வலிப்பாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். அவருக்கு உதவ, எவ்வளவு நேரம் நீடித்தது, கண் மூடியிருந்ததா, நாக்கைக் கடித்ததா, சிறுநீர் போனதா என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டார் ஒருவர் ஒரு நிமிடம் போனில் படம் எடுக்கலாம். மருத்துவரிடம் காட்டியதும் அழித்துவிட வேண்டும். சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், வெங்காயத்தை மூக்கில் அழுத்தாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் உதறல் நிற்காவிட்டால் 108.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஒரு மாதக் கணக்கெல்லாம் தணிந்துவருகிற பிள்ளைக்குத்தான். கையைக் கீறிக்கொள்கிறது, சாவைப் பற்றிப் பேசுகிறது, இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோ பேசுவது கேட்கிறது என்கிறது: இவற்றில் எது இருந்தாலும் அன்றே போக வேண்டும். சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பிள்ளைக்கு மூச்சு விட்டாற்போல் இருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். 14416 அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்பார்கள். எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. நேரில் போவதென்றால் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு, இல்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனை.

விவசாயக் குடும்பங்களில் இன்னொரு வேலையும் அன்றே முடிய வேண்டும். பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் போய்ப் பூட்டப்பட வேண்டும். சாவி ஒரே பெரியவரிடம். பக்கத்து வீட்டில் கொடுத்துவைப்பது அதைவிட நல்லது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல ஏறி இறங்குவது. அந்தக் கொஞ்ச நேரம் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். தற்கொலைக்கு முயன்றவர்மேல் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் நாள்

மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும். உங்கள் பக்கம் எந்த நாள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதில் ஒரு நாள் கூலியும் அலைச்சலும் மிச்சம். மதுரைக்கே வருவதென்றால் காலையிலேயே வந்துவிடுங்கள், ஓ.பி. சீட்டு முற்பகலோடு முடிந்துவிடும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பதால் அம்மாவும் மகளும் வருவதில் செலவு அதிகமிராது. தந்தையும் ஒருமுறையாவது வரட்டும். நோய் என்ன என்று நேரில் கேட்காத ஆள்தான் மூன்றாம் மாதம் "மாத்திரை போதும்" என்று நிறுத்துகிறவர்.

கையில் ஒரு பக்கத் தாள் எடுத்துப்போங்கள். என்ன நடந்தது என்பது ஒரே வரியில், தேதியோடு. அதன்பின் தூக்கம், சாப்பாடு, பள்ளி, உடல்வலி, கோபம், சாப்பிட்ட மாத்திரைகள். இந்தத் தாள்தான் பிள்ளையைத் திரும்பச் சொல்லவைப்பதிலிருந்து காப்பாற்றும்: பயிற்சி மருத்துவர், பெரிய மருத்துவர், உளவியலாளர் என்று மாறி மாறிக் கேட்கும்போது முதலில் தாளை நீட்டுங்கள். மற்றவர் காதில் விழும்படி வரிசையில் நிற்கவைத்துக் கேட்டால், "தனியா பேசணும் டாக்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள். பிள்ளையைக் கொஞ்ச நேரம் தனியாகப் பார்க்கும்படியும் கேளுங்கள். பெற்றோர் முன்னால் வாய் திறக்காத விஷயம் அப்போது வரும்.

சிகிச்சை என்றால் மாத்திரை என்றே குடும்பம் எதிர்பார்க்கும். பதின்வயதினரின் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு முதல் சிகிச்சை பேச்சு சிகிச்சைதான். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்பார்கள். வாரம் ஒன்றாகப் பொதுவாக 12 முதல் 16 அமர்வு. முதலில் நோயை விளக்குவது, மூச்சு, தசைத் தளர்வு, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, "என் தப்புதான்" என்ற நினைப்பைப் பிரித்துப் பார்ப்பது. இதெல்லாம் கைவந்த பிறகுதான், பிள்ளை தன் வேகத்தில், நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவோ எழுதவோ தொடங்கும். சொல்வதற்கான ஆளும் இடமும் நேரமும் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். பயிற்சி பெற்றவர் முன்னால், பாதுகாப்பாக, தாங்கும் அளவில் திரும்பத் திரும்பச் சொல்லும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது. திண்ணையில் பத்துப் பேருக்குச் சொல்லும்போது அது தீட்டப்படுகிறது. சொல்லத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று வாரம் பிள்ளைக்குக் கனவு கூடும், எரிந்து விழும். "சிகிச்சைக்குப் போனதுல இருந்துதான் மோசமாயிடுச்சு" என்று குடும்பம் நிறுத்துவது சரியாக இந்த இடத்தில்தான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் பதினாறு அமர்வும் ஒழுங்காகக் கிடைப்பது எளிதல்ல. மனநலப் பிரிவின் உளவியலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ நேரம் கேட்டு, அடுத்த தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இடைப்பட்ட வாரங்களில் 14416. மதுரையில் 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற தொண்டு நிறுவனங்களையும் அணுகலாம். தனியாரிடம் போவதென்றால் "கவுன்சலர்" என்ற பலகையை மட்டும் பார்க்காமல், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள்.

மனச்சோர்வோ கடும் பதற்றமோ சேர்ந்திருந்தால் மருத்துவர் மாத்திரை எழுதலாம். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் சில வாரம் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். பதின்வயதினரிலும் பதினெட்டு இருபது வயதுக்காரர்களிலும் சிலருக்குப் படபடப்பும் சாகும் எண்ணமும் தொடக்கத்தில் கூடுவதுண்டு. மாத்திரை பெரியவர் கையிலேயே இருக்கட்டும். நன்றாகிவிட்டது என்று சட்டென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும். மெடிக்கலில் சொல்லி வாங்குகிற தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்: பழகிவிடும், காயமும் ஆறாது.

பள்ளிக்கூடம்

எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறதோ அவ்வளவு நல்லது, ஆனால் ஒரே நாளில் எட்டுப் பீரியடும் வேண்டாம். முதல் வாரம் மதியம்வரை, அடுத்த வாரம் கடைசிப் பீரியட் தவிர, மூன்றாம் வாரம் முழுநாள். தலைமையாசிரியருக்குத் தெரிய வேண்டியது என்ன நடந்தது என்பதல்ல, என்ன உதவி வேண்டும் என்பது: கதவோரம் இடம், மூச்சு முட்டினால் கேட்காமலே எழுந்து போக ஒரு சீட்டு, போய் உட்கார ஓர் அறை, பேச ஓர் ஆசிரியர். ஆசிரியர் அறையில் இது பேச்சாகிவிடாமல் தலைமையாசிரியர்தான் பார்க்க வேண்டும். வருகைப்பதிவு குறையும், மருத்துவச் சான்றைப் பின்னால் தேடாமல் மாதாமாதம் வாங்கிக் கொடுங்கள். பொதுத்தேர்வு தவறிவிட்டால் துணைத் தேர்வு இருக்கிறது. கல்வித்துறையின் 14417 எண்ணிலும் வழி கேட்கலாம்.

பெண் பிள்ளையென்றால் படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். 18-க்கு முன் கல்யாணம் குற்றம், 1098-க்குச் சொல்லலாம். ஆனால் எண்ணைக் காட்டி மிரட்டும் முன், "மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா" என்ற அந்த அம்மாவின் பயத்தை உட்கார்ந்து கேட்கிற மகளிர் குழுப் பெண்மணி ஒருவர் வேண்டும். அந்தப் பேச்சு பல வீடுகளில் வேலை செய்யும்.

வழக்கும் பணமும்

பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் உட்காருவார்கள். போக்சோ குற்றத்தைச் சமரசம் பேசி முடிக்க எந்தப் பஞ்சாயத்துக்கும் அதிகாரமில்லை. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "எங்க லிமிட் இல்ல" என்பது பதிலாகாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடையில்லாமல், கூடுமானவரை பெண் அதிகாரி வாங்க வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. வழக்கு முடியும்வரை கூட வர ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள்; பலர் கேட்பதே இல்லை. இலவச வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100. இடைக்கால இழப்பீட்டைத் தீர்ப்புவரை காத்திருக்காமல் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம். சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்கு நலக் குழு பரிந்துரைக்க முடியும்.

பெற்றோரை இழந்த, வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். வருமானச் சான்றும் இறப்புச் சான்றும் தயாராக இல்லாததால்தான் பெரும்பாலும் தாமதம். துக்க வீட்டில் இதை நினைப்பார் இல்லை. இளைஞர் மன்றத்துப் பையன்களுக்கு ஏற்ற வேலை இது. இ-சேவை மையத்தில் போய் நிற்கட்டும்.

படம், வீடியோ வெளியே போய்விட்டதென்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள்.

நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

நன்றாகிவிட்ட பிள்ளை ஒருநாள் மறுபடி சுருண்டு படுக்கும். தலைத் திவசம், சம்பவம் நடந்த தேதி, கோர்ட் சம்மன், எதிர்த்தரப்பு ஜாமீனில் வரும் நாள், தீபாவளி. வெடிவிபத்தையோ அடிதடியையோ பார்த்த பிள்ளைக்கு எதிர்த்தெரு சாவுக்குப் போடும் வேட்டே போதும். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல் வர்ணனை ஒவ்வொரு டீக்கடை டிவியிலும் ஓடும்; அண்ணனை அங்கே பறிகொடுத்தவன் எங்கே போவான்? சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டமும் சிலருக்கு ஆகாது. ஒரு வாரம் முன்பே "அந்த நாள் வருது, அன்னைக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டு வையுங்கள். கபடிப் பயிற்சியோ, சித்தி வீடோ, பிள்ளை சொல்வதே திட்டம். இது நோய் திரும்பியதல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். மூச்சுப் பயிற்சியைத் தூசி தட்டி எடுத்தால் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். இரண்டு வாரம் தாண்டினால் பழைய ஓ.பி. சீட்டோடு மருத்துவரிடம்.

கூட நிற்பவருக்கும் தூக்கம் கெடும். ஒருவரே இரண்டு மூன்று பிள்ளைகளைச் சுமக்காதீர்கள். கேட்டதை மனைவியிடமோ தோழியிடமோ கொட்டினால் அது மறுநாள் தெருக்குழாயடியில் இருக்கும். பெயர் சொல்லாமல் குழுவின் மூத்த ஒருவரிடம் பேசுங்கள். 14416 உங்களுக்கும்தான்.

விலகுவதையும் திட்டமிட்டே செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை வந்தவர் திடீரென்று நின்றுவிட்டால், ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளைக்கு அது இன்னோர் இழப்பு. "அடுத்த மாசத்துல இருந்து பதினஞ்சு நாளுக்கு ஒருக்க வர்றேன்" என்று முன்னதாகச் சொல்லி, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு போன். மருத்துவமனைச் சீட்டுகள், வழக்குத் தாள்கள், நீங்கள் தேதி போட்டு எழுதிய அந்த நாலைந்து வரி ஆகியவற்றின் நகல்களை ஒரு பையில் போட்டுப் பொறுப்பான பெரியவரிடம் கொடுங்கள். மற்றபடி உங்கள் நோட்டில் இருக்கும் குறிப்புகளை என்ன செய்வது என்று பிள்ளையிடமே கேளுங்கள். வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுத்துவிடுங்கள். கிழித்துவிடு என்றால் அதன் கண் முன்னாலேயே கிழியுங்கள்.